விசாக் கடிதத்தில் ஒரு கூடாரம்

1

“எழுதத் தெரியும் தங்கச்சி, அதிலை எனக்குச் சந்தேகம் இல்லை. எதை எழுதாமல் விடவேணும் எண்டு தெரியுமோ?”

மாசி மாதம் என்னிடம் இப்படிக் கேட்டவரை இங்குள்ள எங்கள் ஆட்கள் ‘ஃபோம் அண்ணை’ என்பார்கள். ரொறன்ரோவின் கிழக்குப் பக்கத்தில், ஒரு மரக்கறிக் கடைக்கும் தையல் கடைக்கும் நடுவே மேசை போட்டு, ஊரிலிருந்து தாய் தகப்பனைக் கூப்பிடுகிறவர்களுக்கு விசா விண்ணப்ப ஃபோம் நிரப்பிக் கொடுப்பது அவர் தொழில். அவரிடம் ஒரே ஒரு கடிதம் இருக்கிறது. பெயரையும் விலாசத்தையும் மாற்றி அதையே எல்லோருக்கும் கொடுக்கிறார். அந்தக் கடிதத்தில் எல்லோருக்கும் நாலு அறை வீடு. எல்லோருடைய தகப்பனும் ஓய்வு பெற்றவர். எல்லோரும் நயாகராவைப் பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்பிவிடுவார்கள். அந்த ஒரு கடிதத்தில் எத்தனையோ பேர் வந்து இறங்கியும் இருக்கிறார்கள்.

நான் சொன்னேன்: “தெரியும் அண்ணை. நான் பல்கலைக்கழகத்திலை படிச்சனான்.”

அவர் சிரித்து ஒரு ரொபி மிட்டாயை நீட்டினார். அதை வாங்கி, உரிக்காமல் அவர் மேசையிலேயே வைத்துவிட்டு வந்தேன். அப்போது அது எனக்குப் பெரிய வெற்றியாகப்பட்டது.

என் திமிருக்குக் காரணம் உண்டு. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய்ப் படித்த முதல் ஆள் நான். அப்பா நீர்வேலிப் பக்கத்து வாழைத்தோட்டக்காரர். பள்ளிக்கூடத்துக்குக் குலை ஏற்றிக்கொண்டு போனதைத் தவிர வேறு விஷயமாகப் போனதில்லை. அம்மாவும் அப்படித்தான். ஒன்பது வயதிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்த ஒவ்வொரு கடதாசியையும் நான்தான் வாசித்தேன். மின்சார பில், உர மூட்டையின் பின்பக்கம், சங்கக் கடிதம், பக்கத்து வீட்டுக் கல்யாணக் கார்ட் எல்லாம் என் குரலில்தான் அவர்களுக்குக் கேட்டன. அப்படியிருக்க, என் சொந்தத் தகப்பனைக் கூப்பிடும் கடிதத்தை வேறொருவர் எழுதுவதா?

இந்த மாதத்தோடு நான் கனடாவுக்கு வந்து பத்து வருடம். ஒரு பல் வைத்தியரின் முன்மேசையில் வேலை. வருகிறவர்கள் பாதி நிரப்பிய படிவங்களை முழுதாக நிரப்ப வைப்பதுதான் நாள் முழுக்க என் பாடு. ஆகவே நடந்ததற்கு அனுபவமின்மை என்று சாட்டுச் சொல்ல எனக்கு வழியில்லை.

2

எல்லாம் என் மகள் ஆதிரை காம்பிங் பற்றிக் கேட்டதில் தொடங்கியது.

அவளுக்கு ஏழு வயது. அப்பா அவளை இன்னும் தொட்டுப் பார்த்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை காலைகளில் வீடியோவில் அப்பாவையும் அம்மாவையும் கூப்பிடுவோம். ஆதிரை வந்து “ஹாய் அம்மப்பா, ஹாய் அம்மம்மா” என்று கையை ஆட்டிவிட்டு ஓடிவிடுவாள். எட்டு விநாடி. “சாப்பிட்டியோ பிள்ளை?” என்று அப்பா கேட்பதற்குள் கதிரை வெறுமையாகிவிடும். அப்பா அந்த வெறும் கதிரையைப் பார்த்து, “சாப்பிட்டிருப்பாள்” என்று தானே பதிலும் சொல்லிக்கொள்வார்.

சென்ற புரட்டாதியில், செப்டெம்பர் தொடக்கத்தில், பள்ளிக்கூடம் திறந்ததும் வகுப்பில் எல்லோரும் விடுமுறைக்குக் காம்பிங் போன கதை சொன்னார்களாம். இவளிடம் சொல்லக் கதை இல்லை. அந்த ஞாயிறு அவள் கதிரையில் நன்றாக ஏறி உட்கார்ந்தாள்.

“அம்மப்பா, நீங்கள் காம்பிங் போனீங்களா?”

“அதென்ன பிள்ளை?”

“வீட்டை விட்டிட்டு, வேற இடத்துக்குப் போய் ரென்ற்ல, கூடாரத்துக்குள்ள, படுக்கிறது.”

அப்பா யோசித்தார். “ஓம். ரண்டு மூண்டு தரம் போனனாங்கள்.”

“நல்லா இருந்ததா?”

“மழை.”

பின்னாலிருந்து அம்மாவின் குரல் வந்தது. “சின்னப்பிள்ளையோடை என்ன இடம்பெயர்ந்த கதை கதைக்கிறியள்?”

ஆதிரை விடவில்லை. “ரென்ற்குள்ள தண்ணி வந்ததா?”

“வராமல்? நல்ல நிலமெல்லாம் முதல் வந்த ஆக்கள் பிடிச்சிட்டினம். எங்களுக்குக் கிடைச்சது பள்ளம்.”

“அப்ப நீங்கள் நல்ல சைற் புக் பண்ணேல்லை,” என்றாள் என் மகள், கண்டிப்பாக.

அப்பா கண்ணில் நீர் வரச் சிரித்தார். அன்று இருபது நிமிடம் கதைத்தார்கள். இடையில் நான் போய்த் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்தேன், இருவரும் கவனிக்கவில்லை. முடிவில் அவள் என்னிடம் திரும்பி, “அம்மப்பாவைக் கூப்பிடுங்கோ. நாங்கள் காம்பிங் போறம்,” என்றாள்.

எனக்கு அப்போது பட்டது இதுதான்: இந்தப் பிள்ளைக்கும் என் அப்பாவுக்கும் நடுவில் ஒரேயொரு கயிறு கிடைத்திருக்கிறது. அது கூடாரக் கயிறாக இருந்தால் என்ன, விடக்கூடாது.

3

குடும்பத்தோடு தங்க ஒரு காம்பிங் இடம் தெரிவுசெய்வது என்ன பெரிய வேலை என்று நினைக்கிறவர்கள், அதை எங்கள் ஆட்களோடு செய்து பார்க்கவில்லை.

இங்கே அரசாங்கப் பூங்காக்கள் ஒவ்வொன்றிலும் நூற்றுக்கணக்கான துண்டு நிலங்கள். ஒவ்வொன்றுக்கும் இலக்கம், படம், குறிப்பு. நிழல் உண்டா, தண்ணீர்க் குழாய் எவ்வளவு தூரம், கழிப்பறையில் தண்ணீர் ஓடுமா அல்லது வெறும் குழியா, மின்சாரம் உண்டா, கூடாரத்துக்கு மட்டுமா, ஆர்.வி. என்கிற வண்டி வீடும் நிற்குமா என்றெல்லாம் போட்டிருப்பார்கள். ஆதிரை ஆங்கிலத்தை எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாள். அப்பாவுக்கு எதுவும் வாசிக்கத் தெரியாது. ஆகவே இருவரும் படம் பார்த்தே தீர்மானித்தார்கள். அவள் ரப்லெற் திரையில் படத்தைப் பெரிதாக்கித் தொலைபேசிக்கு முன்னால் பிடிப்பாள். அப்பா காணித் தரகர் முன்னால் நிற்கிற ஆள் மாதிரிக் குறை சொல்லுவார்.

“உதிலை புல்லு ஒரு பக்கம் மட்டும் பச்சையாய் நிக்குது. தண்ணி தேங்கிற இடம். வேண்டாம்.”

“அம்மப்பா, இதில பிளேகிரவுண்ட் இருக்கு!”

“இருக்கட்டும். உந்த மரத்தின்ரை கொப்பு காய்ஞ்சு போய் நிக்குது, கீழையோ படுக்கிறது? அடுத்ததைக் காட்டு.”

“நீங்கள் எல்லாத்துக்கும் நோ சொல்றீங்கள்.”

“நீ எல்லாத்துக்கும் ஓம் எண்டுறாய். அப்ப ஆராவது ஒராள் பார்க்கத்தானே வேணும்.”

கழிப்பறைத் தூரத்தில் மட்டும் இருவருக்கும் ஒரே கருத்து. கிட்ட இருந்தால் நாற்றம், எட்ட இருந்தால் பயம். கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் இருக்கவேண்டும் என்று முடிவானது.

என் கணவர் சுதன் உடுப்பிட்டிக்காரர். அவருக்கு நாரி நோ, இடுப்பு வலி. நிலத்தில் படுக்கமாட்டார். ஆர்.வி. ஒன்றை வாடகைக்கு எடுப்போம், அதில் கட்டில் இருக்கிறது, அடுப்பு இருக்கிறது, கழிப்பறைகூட இருக்கிறது என்று வீடியோவில் வந்து விளக்கினார்.

அம்மா கேட்டார்: “அடுப்பும் கக்கூசும் ஒரே வண்டிக்குள்ளையோ தம்பி?”

“ஓம் மாமி. இடையிலை கதவு இருக்கு.”

“எவ்வளவு தூரம்?”

சுதன் கையை விரித்துக் காட்டினார். அம்மா அந்த விரித்த கையை அளந்து பார்த்தார். பிறகு, “நான் வராதது நல்லதாப் போச்சு,” என்றார். அவருக்கு வர எண்ணமே இல்லை. பசுவை யார் பார்ப்பது? ஆனால் வராதவருக்குத்தான் நிபந்தனைகள் அதிகம். வெள்ளிக்கிழமை போய் இறங்கக்கூடாது. இறங்கினாலும் பக்கத்துத் துண்டில் இறைச்சி வாட்டுகிறவர்கள் இருக்கக்கூடாது. காற்று எந்தப் பக்கம் அடிக்கும் என்று விசாரித்தாயா?

பூங்காவின் சட்டங்களை நான் வாசித்துக் காட்டினேன். ஒரு துண்டில் ஆறு பேருக்கு மேல் கூடாது. கொப்பு முறிக்கக்கூடாது. வெளியிலிருந்து விறகு கொண்டுவரக்கூடாது.

“காட்டுக்குள்ளை இருந்துகொண்டு விறகைக் கடையிலையோ வாங்கிறது?” என்றார் அப்பா.

“ஓம் அப்பா.”

“நிலத்தைத் தோண்டலாமோ? ரென்றைச் சுத்தி ஒரு வாய்க்கால்?”

“தோண்டக்கூடாது.”

“அப்ப மழை பெஞ்சால்?”

சட்டத்தில் அதற்குப் பதில் இல்லை. அப்பா கனடாவின் நிர்வாகத்தைப் பற்றி முதல் தடவையாகச் சந்தேகப்பட்டார்.

கடைசியில் கூடாரமும் ஆர்.வி.யும் சேர்ந்து நிற்கக்கூடிய, மின்சாரம் உள்ள, சற்றே மேடான ஒரு துண்டைத் தெரிவுசெய்தார்கள். ஆழமில்லாத ஏரிக்கரை நடந்து போகும் தூரம். ஆடி மாதத்துக்கு ஐந்து மாதம் முன்னதாக, காலை ஏழு மணிக்கு முன்பதிவு திறக்கும். மாசியில் ஒரு காலை மூவரும் பல் விளக்காமல் மடிக்கணினிக்கு முன் இருந்தோம். ஊரில் மாலை ஐந்தரை. அப்பாவும் அம்மாவும் கால் கழுவி, விபூதி பூசி, தொலைபேசிக்கு முன் இருந்தார்கள். ஏழாவது விநாடியில் துண்டு எங்களுக்குக் கிடைத்தது. ஆதிரை திரையில் கையை அடித்தாள். அப்பாவும் அந்தப் பக்கத்தில் அடித்தார். தொலைபேசி விழுந்து, எங்களுக்கு ஓட்டுக் கூரை தெரிந்தது.

4

இதற்கு முன்னால் நடந்த ஒன்றைச் சொல்லவேண்டும். ஐப்பசியில் ஊருக்குக் கப்பலில் பெட்டி போட்டபோது ஒரு கூடாரத்தையும் வைத்து அனுப்பியிருந்தேன்.

கேட்டது அப்பாதான். “அங்கை வந்து ஒண்டும் தெரியாமல் நிண்டால் பேத்தி சிரிப்பாள். பழகிக்கொண்டு வாறன்.”

பெட்டி மார்கழியில் போய்ச் சேர்ந்தது. அப்பா வீட்டிலிருந்து நாற்பது அடி தள்ளி, வாழைகளின் ஓரத்தில், ஆதிரை வீடியோவில் சொல்லச் சொல்லக் கூடாரத்தை அடித்தார். நீலமும் செம்மஞ்சளும். பத்து வாழைக்கு அப்பாலிருந்தும் தெரியும். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் அதற்குள் போய்ப் படுத்து எழும்புவார். அம்மா தேத்தண்ணியை வாசலில் வைத்துவிட்டு, குனிந்து, “துரை எழும்பியாச்சோ?” என்று கேட்பார்.

அந்த வாரம் நல்ல மழை. பள்ளக்காணிகளில் வெள்ளம். புதிதாக வந்திருந்த கிராம அலுவலர், எங்கள் பேச்சில் விதானையார், பாதிக்கப்பட்டவர்களைப் பதிந்துகொண்டு சைக்கிளில் வந்தார். (அவர் பெயரை நான் சொல்லப்போவதில்லை, நல்ல பொடியன், மனம் நோகக்கூடாது.) எங்கள் பக்கத்தில் கூடாரம் என்பது வெள்ளம் வந்தால் கொடுப்பது, அல்லது அதைவிட மோசமான ஒன்று வந்தால் கொடுப்பது. வேறு எதற்கும் ஒரு மனிதர் அதற்குள் இருக்க முடியும் என்று யாருக்கும் தோன்றாது.

மிச்சத்தை அம்மா சொன்ன மாதிரியே எழுதுகிறேன்.

“ஐயா, வீட்டுக்குள்ளை வெள்ளமோ?” என்று விதானையார் கேட்டாராம்.

“இல்லைத் தம்பி. கனடாவுக்குப் போகப் பழகிறன்.”

விதானையார் அம்மாவைப் பார்த்தாராம். அம்மாவும், “ஓம், பழகிறார்,” என்றாராம். விதானையார் மெதுவாக, “கவலைப்படாதேங்கோ அம்மா, எல்லாம் சரிவரும்,” என்று சொல்லிப் பதிந்துகொண்டு போனார். இரண்டாம் நாள் அரிசி, பருப்பு, மீன் ரின், பாய், ஒரு வாளி எல்லாம் வந்துவிட்டன.

“வேண்டாம் எண்டு சொன்னனான் பிள்ளை,” என்றார் அம்மா. “பட்டியல் மேலிடத்துக்குப் போயிட்டுது, வாங்காட்டித் தனக்குத்தான் பிரச்சினை எண்டு அழுவார் போலை நிண்டான். கொப்பர் பாவம் பார்த்துப் பெருவிரலை வைச்சிட்டார். அரிசியை மற்றச் சனத்துக்குக் குடுத்தாச்சு. வாளி மட்டும் நல்ல வாளி.”

நாங்கள் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். நான்தான் அதிகம் சிரித்தேன்.

5

கடிதத்தை மூன்று கிழமை எழுதினேன். நாலு பக்கம். ஃபோம் அண்ணையின் கடிதத்தைப்போல் பொய் ஒன்றும் இல்லை என்பதில் எனக்கு அவ்வளவு பெருமை.

எங்கள் அடுக்குமாடி வீட்டில் இரண்டு அறைதான் என்று உண்மையை எழுதினேன். ஆனால் அது சின்னதாகத் தெரியக்கூடாதே என்று, காம்பிங் திட்டத்தை விரிவாக விளக்கினேன். துண்டின் இலக்கம், வரைபடம், கழிப்பறைத் தூரம், கூடாரத்தின் படம், அதில் அப்பாவின் படுக்கை எந்தப் பக்கம் என்பதுவரை. குடும்பத்தோடு தங்க ஏற்ற இடம் என்று பூங்காவின் பக்கத்திலிருந்தே மேற்கோள் காட்டினேன். இவ்வளவு ஒழுங்காகத் திட்டமிடுகிற பெண்ணின் தகப்பனை யார் மறிப்பார்கள்?

தொழில் என்ற இடத்தில் ஆங்கிலத்தில் ‘விவசாயி’ என்று தட்டினேன். அழித்தேன். ‘வேளாண் உற்பத்தி நிர்வாகி’ என்று போட்டேன்.

இதை எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். ஆறாம் வகுப்பில் மானிப்பாயில் ஒரு பள்ளிக்கூடத்தில் இடம் கிடைத்துப் போனேன். முதல் நாள் ஒரு படிவம் தந்தார்கள். பக்கத்தில் இருந்த பிள்ளை தகப்பனின் தொழில் ஆசிரியர் என்று எழுதினாள். முன்னால் இருந்தவள் வைத்தியசாலை எழுதுவினைஞர் என்று எழுதினாள். நான் ‘வியாபாரம்’ என்று எழுதினேன். அப்பா வாழைக்குலை விற்கிறார்தானே, பொய்யில்லையே என்று பஸ்ஸில் வீடு வரும் வரைக்கும் எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன். மானிப்பாயில் ‘வியாபாரி’ ஆகியிருந்த அப்பா, ரொறன்ரோவில் ‘நிர்வாகி’ ஆகிவிட்டார். தோட்டத்தில் அவர் நிர்வகிப்பது தன்னையும் ஒரு மண்வெட்டியையும்தான்.

கடைசி நாளில் ஊரிலிருந்து விதானையாரின் வதிவிடச் சான்றிதழ் வந்தது. ஆங்கிலத்தில் தட்டெழுதி, முத்திரை குத்தி. அப்பாவின் பெயரில் எழுத்துப் பிழை உண்டா என்று பார்த்தேன். முத்திரை தெளிவா என்று பார்த்தேன். அடியில் ‘குறிப்பு’ என்று ஒரு பெட்டி இருந்தது. ஒன்பது வயதிலிருந்து எல்லாக் கடதாசியையும் வாசித்தவள், அந்த ஒரு பெட்டியை வாசிக்கவில்லை.

6

சித்திரையில் மறுத்துவிட்டார்கள். ஏன் என்று அதிகாரியின் குறிப்புகளைக் கேட்டு விண்ணப்பித்தேன். அது வர இன்னும் சில கிழமை. வந்ததைத் தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்:

விண்ணப்பதாரர் தம்மை நிர்வாகி என்கிறார். ஆனால் கிராம அலுவலரின் சான்றிதழின்படி, வெள்ளத்தால் பாதிக்கப்பட்டுத் தற்காலிகக் கூடாரத்தில் வசிக்கிறார். அழைக்கும் மகளும் அவரைக் கூடாரத்திலேயே தங்கவைக்க உத்தேசித்துள்ளார், வரைபடம் இணைக்கப்பட்டுள்ளது. விண்ணப்பதாரருக்குச் சொந்த நாட்டில் திரும்பி வரத்தக்க இருப்பிடமோ தொழிலோ இருப்பதாகத் திருப்தி ஏற்படவில்லை.

சுதன் இரண்டு தரம் வாசித்தார். முதல் தரம் சிரித்தார். இரண்டாம் தரம் போய் ஜன்னலைத் திறந்துவிட்டு நின்றார்.

“அப்ப அம்மப்பா வரமாட்டாரா?” என்றாள் ஆதிரை.

“இப்ப இல்லை.”

அடுத்த ஞாயிறு அவள் வந்து, “ஹாய் அம்மப்பா,” என்று கையை ஆட்டிவிட்டுப் போய்விட்டாள். நான் எண்ணிக்கொண்டிருந்தேன். ஆறு விநாடி.

அப்பாவிடம் குறிப்பை வாசித்துக் காட்டினேன், எங்கள் வீட்டுக்கு வந்த எல்லாக் கடதாசியையும் வாசித்த அதே குரலில். அவர் கேட்டுவிட்டு, “அந்த மனுசன் சொல்லிறதும் சரிதானே,” என்றார். “ஒரு ரென்றிலை இருந்து இன்னொரு ரென்றுக்கு உவன் ஏன் போறான் எண்டு நானெண்டாலும் யோசிப்பன்.”

பிறகு கேட்டார்: “நிர்வாகி எண்டால் என்ன வேலை பிள்ளை?”

நான் விளக்கினேன். மேற்பார்வை செய்கிறவர், ஆட்களை வைத்து வேலை வாங்குகிறவர் என்று.

“அப்பிடியோ.” உள்ளங்கையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினார். “தோட்டக்காரன் எண்டு எழுதினால் விடமாட்டினமோ?”

குற்றம் சொல்லிக் கேட்கவில்லை. சட்டம் அப்படியா என்றுதான் கேட்டார். தெரியாததை மகளிடம் கேட்பது அவர் பழக்கம்.

“விடுவினம் அப்பா,” என்றேன். “நான்தான் எழுதேல்லை.”

“அப்ப எழுதன்.”

அந்தக் கிழமை மரக்கறிக் கடையில் ஃபோம் அண்ணையைக் கண்டேன். அவர் முருங்கைக்காயை வளைத்துப் பார்த்துக்கொண்டே, “ரென்ற் எண்டே போட்டனீங்கள்?” என்றார். காசு மேசையில் இருந்த அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். கதை எனக்கு முன்னமே அங்கே வந்து சேர்ந்துவிட்டது.

“வாங்கோ தங்கச்சி, பரவாயில்லை. நாலு அறை எண்டு போடுவம். ஒருத்தரும் வந்து எண்ணமாட்டினம்.”

“வேண்டாம் அண்ணை,” என்றேன். “ரண்டு அறைதான்.”

7

முதல் வேலை, அப்பாவைக் கூடாரத்திலிருந்து எடுப்பது.

கூடாரத்தைக் கழற்ற ஐந்து நிமிடம். பதிவிலிருந்து கழற்ற மூன்று கிழமை. பாதிக்கப்பட்டவராக ஒருவரைப் பதியப் படிவம் இருக்கிறது. பாதிக்கப்படாதவராகப் பதிய இல்லை. விதானையார் தலையைச் சொறிந்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். இடம்பெயர்ந்தவர் தன் சொந்த வீட்டுக்குத் திரும்பினால் அதற்கு ஒரு படிவம் உண்டு. ஆகவே என் அப்பா, வாழைத்தோட்ட ஓரத்திலிருந்து நாற்பது அடி தூரத்தில் உள்ள தன் வீட்டுக்கு, முறைப்படி மீளக்குடியேறினார். ஆதாரமாக இரண்டு படம் வேண்டும்: கூடாரம் இல்லாத நிலம் ஒன்று, வீட்டு வாசலில் அப்பா ஒன்று. இரண்டையும் விதானையாரே எடுத்தார்.

“சிரியுங்கோ ஐயா,” என்றாராம். “வீடு திரும்பினவர் மாதிரி.”

“முப்பது வருசமாய் உதே வீட்டிலைதான் தம்பி இருக்கிறன்.”

“தெரியும் ஐயா. படத்துக்கு.”

திரும்பியவர்களுக்கென்று ஒரு மண்வெட்டியும் கொடுத்தார்கள். அம்மா கேட்டார்: “இன்னொருக்கால் ரென்றுக்குப் போயிட்டு வந்தால் என்ன தருவினம்?”

பிறகு கடிதம். இந்தத் தடவை நான் எழுதவில்லை; அப்பா சொன்னார், நான் மொழிபெயர்த்துத் தட்டினேன். ஆதிரையைப் பக்கத்தில் இருத்திவைத்தேன். முதலில் கால் ஆட்டிக்கொண்டிருந்தாள்.

“ஏன் திரும்பிப் போவீங்கள் எண்டு விசா தாற ஆக்களுக்குச் சொல்லவேணும் அப்பா.”

“என்ன கேள்வி இது? ஐப்பசி பிறக்கக் காத்துத் தொடங்கிவிடும். கப்பல் வாழை எல்லாம் குலையோடை நிக்கும். ஒவ்வொண்டுக்கும் முட்டுக் குடுக்கவேணும். குடுக்காட்டி ஒரு இரவிலை முறிஞ்சு விழுந்துபோம். கொம்மா மாட்டைப் பார்ப்பா, முட்டுக் குடுக்க அவவாலை ஏலாது. புரட்டாதி முடிய நான் இஞ்சை நிக்கவேணும். அவை மறிச்சாலும் நான் அங்கை நிக்கமாட்டன். அதையும் எழுது.”

“மறிக்கமாட்டினம் அப்பா.”

“ஆர் கண்டது. எழுது.”

எழுதினேன்.

“ஏன் வாறீங்கள் எண்டும் சொல்லவேணும்.”

அப்பா தொலைபேசியைச் சற்றுத் தள்ளிப் பிடித்தார். “பேத்தியைப் பார்க்க. அவளோடை ரென்றிலை படுக்க. ரென்ற் எண்டதை விடாதை. ஒருக்கால் சொன்னதை மாத்தினால் கள்ளம் எண்டு நினைப்பினம்.”

ஆதிரை கால் ஆட்டுவதை நிறுத்தினாள். “மழை வந்தா என்ன செய்வீங்கள்?” என்றாள் தொலைபேசியைப் பார்த்து. “நிலத்தை டிக் பண்ணித் தோண்ட ஏலாது.”

“அதுதான் யோசிச்சுக்கொண்டிருக்கிறன். மேட்டுப் பக்கமாய் வாசலை வைச்சால்?”

“நோ, அப்ப தண்ணி டோருக்குள்ள வரும்!”

“வராது. படத்தைக் காட்டு பாப்பம்.”

அவள் ரப்லெற்றை எடுக்க ஓடினாள். நான் மிச்சப் பெட்டிகளை நிரப்பினேன். தொழில்: விவசாயி. கல்வி: இல்லை. கையொப்பம்: பெருவிரல் அடையாளம். புதிதாக வந்த வதிவிடச் சான்றிதழை எடுத்து, முத்திரையை விட்டுவிட்டு, மற்றதெல்லாவற்றையும் மூன்று தரம் வாசித்தேன். முழுக் கடிதமும் ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிட்டது.

நேற்றுக் காலை வேலைக்குப் போகமுன் விண்ணப்பத்தை அனுப்பினேன். ஆடி மாதத் துண்டை விட்டுவிட்டு, ஆவணிக் கடைசியில் யாரோ வேண்டாம் என்று விட்ட ஒன்றைப் பிடித்தேன். கூடாரமும் ஆர்.வி.யும் நிற்கும்; கழிப்பறை கூப்பிடு தூரம்; புல் எல்லாப் பக்கமும் ஒரே பச்சை. ஆட்கள் எத்தனை என்று கேட்டிருந்தார்கள். நான்கு என்று போட்டு, பதிவை உறுதிப்படுத்திவிட்டு, பஸ்ஸுக்கு ஓடினேன்.